உள்ளே போன கூம்பு

சின்ன மாப்பிள்ளை கொண்டுவந்த சாமான்களில் ஹாலுக்குள் இடம் கிடைத்தது ஒரே ஒரு பெட்டிக்குத்தான். கட்டில், அலமாரி, பாத்திரம் கட்டிய மூட்டைகள் எல்லாம் பின்னறையில் மேல்தளத்தைத் தொடும்படி அடுக்கப்பட்டு, அவரும் அவர் மனைவியும் பக்கவாட்டில் நுழைந்து படுக்கைக்குப் போக ஒரு சந்து மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அச்சகத்தை முதலாளி மூடிவிட்டார். வேறு வேலை அமையும்வரை மாமனார் வீட்டில் இருப்பது என்று முடிவாகியிருந்தது.

அந்த வீட்டில் ஹால் மட்டும் பெரிய மாப்பிள்ளையின் ஆட்சி. வீடு மாமனாருடையதுதான். ஆனால் சோபாவை ஒரு சாண் நகர்த்த வேண்டுமென்றால் மாமியார் மூத்த மருமகனைக் கேட்டுத்தான் நகர்த்துவார். காரணம், அவர் அங்கே அமைத்திருந்த ஹோம் தியேட்டர். சுவர் நிறையத் திரை, ஐந்து ஸ்பீக்கர்கள், வலது மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிதான் சப்வூஃபர். இடி, குண்டு வெடிப்பது, கட்டடம் சரிவது என்று காதைவிட வயிறு அதிகமாகக் கேட்கிற சத்தங்களை எல்லாம் அது கவனித்துக்கொள்ளும். பேச்சையும் பாட்டையும் மற்ற ஐந்தும் பார்த்துக்கொள்ளும்.

சின்ன மாப்பிள்ளை கொண்டுவந்ததும் சப்வூஃபர்தான். ஆனால் முழங்கால் உயரம், பழுப்பு நிறம், ஒரு மூலையில் அடிபட்டு லேசாகச் சில்லு தெறித்திருந்தது.

"அதையும் சேத்துப் போடுங்களேன் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "ஒண்ணுக்கே ஜன்னல் இந்த ஆட்டம் ஆடுது. ரெண்டு இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சேத்துப் படம் காட்டிடலாம்."

மாமனார் சத்தத்துக்காகச் சொல்லவில்லை. வந்தவர்களின் பொருள் ஒன்றாவது வீட்டின் நடுவில் இருக்கட்டுமே என்றுதான் சொன்னார். அது எல்லாருக்கும் புரிந்தது. பெரிய மாப்பிள்ளைக்கும் புரிந்தது.

"ரெண்டும் வேற வேற ரகம் மாமா. என்னோடது துளை வெச்ச பெட்டி. தம்பியோடது மூடின பெட்டி. சேராது."

"சேராதுன்னா என்னங்க, சண்ட போட்டுக்குமா?" என்றாள் அவர் மனைவி, வீட்டின் மூத்த மகள். "கொஞ்ச நாள் பழகினா சரியாயிடும். நான் சரியாகலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் கேட்ட பிறகு மறுப்பது எப்படி? ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் பார்ப்பதாகப் பெரிய மாப்பிள்ளை சொன்னார்.

அவர் சொன்ன காரணம் பொய்யில்லை. காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் ஆழமாக ஒரு சத்தம் வருமே, துளை வைத்த பெட்டி அந்த வித்தையைத்தான் செய்கிறது. பெட்டியின் முகத்தில் பதித்திருக்கும் ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு குழாய் வழியே வந்து போய், கூம்பு தனியாக எட்ட முடியாத ஆழத்துக்குச் சத்தத்தை இறக்கிவிடும். மூடிய பெட்டிக்குக் குழாய் கிடையாது. உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங்கைப்போலக் கூம்பைப் பிடித்துக்கொள்ளும். ஆழம் குறைவு. ஆனால் அடி விழுந்த இடத்திலேயே சத்தம் நிற்கும், வால் பிடித்து இழுத்துக்கொண்டு போகாது. ஒன்று முன்னே தள்ளும் நேரத்தில் இன்னொன்று சற்றுப் பிந்தியோ முந்தியோ தள்ளக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்ப்பது கஷ்டம். கஷ்டம்தான், முடியாதது இல்லை. ஆனால் தெரிந்த விஷயத்தைச் சொல்லும் சந்தோஷத்தில் கஷ்டம் என்பதற்குப் பதில் சேராது என்று சொல்லிவிட்டார். சொன்னபிறகு அது சேராமல் இருப்பது அவருக்குத் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடு சோபாவில் தலை இருக்கும் உயரத்தில் ஒரு மைக்கை நிறுத்தி, லேப்டாப்பில் இணைத்தார். இரண்டு பெட்டிகளையும் திரைக்கு அடியில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒவ்வொன்றாக ஓடவிட்டபோது லேப்டாப்பில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு ஒழுங்காக வந்தது. கறுப்புப் பெட்டியின் கோடு ஆழத்தில் தொடங்கியது. பழுப்புப் பெட்டியின் கோடு சற்று மேலே தொடங்கி நேராகப் போனது. இரண்டையும் சேர்த்துப் போட்டார். கோட்டின் நடுவில் ஒரு படுகுழி.

அவருக்கு ஏமாற்றமே இல்லை. உள்ளுக்குள் ஒரு சின்ன துள்ளல். எல்லாரையும் ஹாலுக்கு அழைத்தார்.

"இப்ப பெரிய பெட்டி மட்டும்." சோபா அதிர்ந்தது. "இப்ப தம்பியோடதையும் சேத்துப் போடறேன், கேளுங்க." அதிர்வு காணாமல் போனது. யாரோ ஹாலை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்ததுபோல் இருந்தது. நிறுத்தினார், அதிர்வு திரும்ப வந்தது. போட்டார், போய்விட்டது. மேடையில் புறாவை மறைத்துக் காட்டுகிறவரைப்போல மூன்று நான்கு தடவை செய்து காட்டினார்.

"ஒத்தாசைக்குன்னு வந்துட்டு, நடந்துக்கிட்டிருந்த வேலையையும் கெடுத்துட்டு உக்காந்துக்கும், பாத்தீங்களா?" என்றார்.

பெட்டியைத்தான் சொன்னார். சிரிப்பு வந்தது. மாமனாரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்று, அவர் கண் ஒரு கணம் இளைய மருமகனிடம் போய்வந்தது. சின்ன மாப்பிள்ளையும் சிரித்தார். அவரே எழுந்து தன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, வயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

அங்கே இடமில்லாததால் அது நடைவழியில் நின்றது. உயரம் வசதியாக இருக்கவே, மாமியார் காய்ந்த துணிகளை அதன்மேல் வைத்து மடிக்கத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்கு ஒரு புதுச் சொல்லும் கிடைத்தது. சின்ன மாப்பிள்ளை சமையலறைக் குழாயைச் சரிசெய்யப் போய் அது இன்னும் கொஞ்சம் ஒழுகியபோது, "பழுப்புப் பெட்டி கை வெச்சிருச்சா? அப்ப பிளம்பரக் கூப்பிட வேண்டியதுதான்," என்றாள் அக்கா. வேடிக்கையாகத்தான் சொன்னாள். தங்கையும் உடன் இருந்து சிரித்தாள். அவர் ஏதாவது ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பும் மாலைகளில், "என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்க, "சேரலையாம்," என்று இன்னொருவர் சொல்வதும் வழக்கமானது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் சின்ன மாப்பிள்ளை சொன்னார்: "அண்ணே, உங்க பெட்டில கிர்ர்னு ஒண்ணு கேக்குது. நேத்துலேருந்தே."

பெரிய மாப்பிள்ளைக்கும் கேட்டிருந்தது. எங்கோ ஒரு திருகாணி தளர்ந்திருக்க வேண்டும். "திறந்து பாத்துடலாம் தம்பி, வாங்க," என்றார். அவருக்கு உதவி தேவைப்படவில்லை, ஆள் தேவைப்பட்டது. ஒரு பொருளைத் திறக்கும்போது பக்கத்தில் கேட்க ஒருவர் இல்லையென்றால் அவருக்குப் பாதி சுகம் போய்விடும்.

கறுப்புப் பெட்டியைப் பாயில் மல்லாத்தி வைத்து, கூம்பைச் சுற்றியிருந்த திருகாணிகளைக் கழற்றினார்கள். அந்தக் கூம்பு பெட்டியோடு வந்ததில்லை. பழையதின் ரப்பர் விளிம்பு பொடிந்து உதிர்ந்தபோது, மெக்கானிக்கிடம் போகாமல், அவரே வேறொன்றை வரவழைத்து மாட்டியது. அந்தக் கதையை விவரமாகச் சொன்னார். சின்ன மாப்பிள்ளை நல்ல கேள்விகளாகக் கேட்டார். இருபது வருடம் அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர், எதை எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்.

கிர்ர் என்றது ஒரு தளர்ந்த திருகாணிதான். இறுக்கினார். மூட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அந்த ஆசை வந்தது.

"ஒரு வேடிக்கை காட்டட்டுமா?" சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்துவந்தார். "இந்தக் கூம்பு ஒரு நுரையீரல் மாதிரி. மின்சாரம் இந்தப் பக்கமா வந்தா வெளிய தள்ளும், அந்தப் பக்கமா வந்தா உள்ள இழுக்கும். பெட்டிக்குள்ள இருக்கிற ஆம்ப்ளிஃபயர்லேருந்து ரெண்டு வயர் வருது பாருங்க. ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். நான் அத ஆம்ப்ளிஃபயர் பக்கம் உருவிட்டு, பிளஸ் வயர்ல பேட்டரியோட பிளஸ்ஸையும், மைனஸ் வயர்ல மைனஸையும் வெப்பேன். கூம்பு டக்குனு வெளிய வரும். பாத்துக்கிட்டே இருங்க."

வயர்களைத் தொட்டார். கூம்பு டக்கென்று உள்ளே போனது.

அவர் கை அப்படியே நின்றது. எடுத்தார். மறுபடி தொட்டார். மறுபடி உள்ளே.

நடந்தது இதுதான். வெகுநாளைக்கு முன் கூம்பை மாற்றியபோது, பிளஸ்ஸை மைனஸிலும் மைனஸை பிளஸ்ஸிலும் மாட்டிவிட்டார். இரண்டு வயரும் கறுப்பு. ஒன்றில் மட்டும் நூலளவு அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு. பெட்டி தனியாக ஓடும்வரை இது வெளியே தெரியாது. கூம்பு முன்னே போக வேண்டிய நேரத்தில் பின்னே போனாலும் அதிர்வு அதிர்வுதான். மற்ற ஸ்பீக்கர்களோடு சேரும் இடத்தில் மட்டும் ஏதோ கொஞ்சம் பள்ளமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு அவர் சோபாவைத்தான் குற்றம் சொன்னார். மாமியார் அந்தச் சோபாவோடு ஹாலின் எல்லாச் சுவர்களையும் பார்த்துவிட்டார்.

இரண்டாவது பெட்டி வந்தபோது கதை மாறியது. ஒரு கனமான கதவை இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று தள்ளினால் சுலபமாகத் திறக்கும். ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளினால் கதவு அசையாது, இருவருக்கும் வேர்க்கும். சின்னப் பெட்டி சரியாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. பெரிய பெட்டி எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் தள்ளும் பக்கத்தைத் தலைகீழாக்க ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. அன்று அதைத் தட்டிப் பார்த்திருந்தால் அந்தப் படுகுழி மறைந்திருக்கும். அவர் தட்டவில்லை. இரண்டு பெட்டிக்கும் ஒரே நியாயம் என்று இரண்டு ஸ்விட்சையும் ஒரே மாதிரி வைத்திருந்தார். படுகுழிக்குத்தான் அவரிடம் காரணம் தயாராக இருந்ததே. துளை வைத்த பெட்டி, மூடிய பெட்டி, சேராது.

இதெல்லாம் அந்தப் பாயின்மேல் உட்கார்ந்திருக்கும்போதே அவர் மனதில் வரிசையாக விழுந்தது. விழ விழக் காது மடல் சூடானது.

சின்ன மாப்பிள்ளை பேட்டரியைப் பார்த்தார். பிளஸ் பக்கமான அதன் குமிழ் முனை பெரிய மாப்பிள்ளையின் விரலுக்கு வெளியே நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு வயரைப் பார்த்தார். பிறகு ஜன்னலில் மழையைப் பார்த்தார்.

"பேட்டரியத் திருப்பிப் பிடிச்சிட்டீங்களோ அண்ணே," என்றார்.

நீட்டிய கையைப் பிடித்துக்கொள்வதுபோல அதைப் பிடித்துக்கொண்டார் பெரிய மாப்பிள்ளை. "ஆமா. ஆமாமா. திருப்பிப் பிடிச்சிட்டேன்."

"அதான் உள்ள போகுது."

"அதான்."

இருவரும் சேர்ந்து பெட்டியை மூடினார்கள். திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார் சின்ன மாப்பிள்ளை. பெரிய மாப்பிள்ளை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தவறு செய்தது ஒரு வெட்கம். அதைப் பார்த்துவிட்ட ஆளே மூடிமறைக்கப் போர்வை எடுத்துக் கொடுத்ததும், அதை வாங்கிப் போர்த்திக்கொண்டதும் வேறொரு வெட்கம். முதலாவது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டாவது செருப்புக்குள் போன கல்லாக எங்கே நடந்தாலும் கூடவே வந்தது.

அவர் வேலை பார்ப்பது தண்ணீர் மீட்டர்களைச் சோதிக்கும் கூடத்தில். நீண்ட மேசைமேல் ஒரே குழாயில் வரிசையாக மீட்டர்களை மாட்டி, அளந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மீட்டரின் உடம்பிலும் தண்ணீர் போகும் திசைக்கு ஓர் அம்பு பொறித்திருக்கும். யாராவது அதைத் திருப்பி மாட்டினால் மீட்டர் பின்னோக்கி ஓடும். அப்படி மாட்டிய பிளம்பர்களை அவர் பாடாய்ப் படுத்துவார். அந்த வாரம் ஒருவர் வந்தார், கையில் ஒரு மீட்டர்.

"திருப்பி மாட்டிட்டேன் சார். என் தப்புதான். வீட்டுக்காரங்க, மீட்டர் குறையுதேன்னு ஒரு மாசமா சந்தோஷமா இருந்திருக்காங்க," என்று சொல்லி, தானே முதலில் சிரித்தார் பிளம்பர்.

பக்கத்து மேசைக்காரர் ஆவலோடு நிமிர்ந்தார், இப்போது வாண வேடிக்கை ஆரம்பிக்கும் என்று. பெரிய மாப்பிள்ளை மீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, போங்க," என்றார்.

"என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

ஓர் ஆள் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, படியிறங்கிப் போகிறார். வானம் இடிந்து விழவில்லை. அவர் அந்த மீட்டரின் அம்பை வெகுநேரம் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனபோது மாமியார் கண்கள் சிவந்திருந்தன. ஊரின் மறுகோடியில் ஒரு தையல் கடைக்கு மேலே ஓர் அறை பார்த்திருக்கிறார்களாம், சின்னவளும் மாப்பிள்ளையும். அடுத்த வாரம் போகிறார்கள். வேலை? இன்னும் இல்லை. தங்கை ஒரு துணிக்கடையில் நிற்கப் போகிறாள். 

"இங்க என்ன குறைன்னு கேட்டேன்," என்றார் மாமியார். "ஒரு குறையும் இல்லம்மாங்கறா. ஒரு குறையும் இல்லாமயா ஒருத்தி தையல் கடை மாடிக்குப் போவா?"

"ரோஷம்," என்றாள் அக்கா. "தம்பிக்கு நம்ம கேலி எல்லாம் ஒத்துக்கல. நாம யாரு, சொந்தக்காரங்கதானே? இதுக்குப் போய்."

பெரிய மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நின்றார். அவருக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியாது. அந்தக் கேலியின் வேர் எங்கே இருக்கிறதென்றும், அது பொய்யான வேர் என்றும் வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அதைச் சொல்லாமலே போகப் போகிறார். போய்விட்டால், தான் சொல்ல வேண்டிய கட்டாயமே இராது. அப்படி ஒரு நிம்மதி தனக்குள் எட்டிப் பார்த்ததை அவர் கவனித்தார்.

சனிக்கிழமை வீட்டில் எல்லாரும் புது அறையைப் பார்க்கப் போனார்கள். அவர் வேலை இருக்கிறதென்று தங்கிவிட்டார். கறுப்புப் பெட்டியைத் திறந்து வயர்களை மாற்றினார். ஒரு நிமிட வேலை. பிறகு நடைவழிக்குப் போய், பழுப்புப் பெட்டியின்மேல் இருந்த துணிகளை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, அதை ஹாலுக்குத் தூக்கிவந்தார். மேல்பக்கம் துணியின் ஈரம் பட்டுப் பட்டு சாயம் வெளுத்திருந்தது. துடைத்தார். போகவில்லை.

மைக்கை நிறுத்தி அளந்தார். இரண்டு பெட்டிகளின் சத்தத்தையும் சமப்படுத்தும்போது சின்னதைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். பெரியதற்கு நிகராகச் சின்னதை முடுக்கினால் அது திணறும். சின்னதற்குச் சிரமமில்லாத இடத்தில் நிறுத்தி, பெரியதை அதற்குத் தக்கபடி இறக்கினார். சின்னதைச் சோபாவுக்குப் பக்கச் சுவரோரமாக நகர்த்தினார். இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து பேசினால் அறையின் மூலைகளில் சத்தம் தேங்குவது குறையும். கடைசியில், மிக ஆழமான சத்தங்களில் அவற்றின் நேரம் விலகுவதை, ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் ரிசீவரில் ஒன்றுக்குக் கொஞ்சம் தாமதம் கொடுத்து நெருக்கினார். கோடு வந்தது. படுகுழி இல்லை. அவர் வாழ்நாளில் அந்த ஹாலில் பார்த்திராத அழகான கோடு.

அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு யோசனை வந்தது. நாளை படம் போடலாம். சத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். தான் வாய் திறக்க வேண்டியதில்லை.

ஞாயிறு மதியம் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, கப்பல் மூழ்கும் படம் ஒன்றைப் போட்டார். எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். சின்ன மாப்பிள்ளை உள்ளே வரும்போது சுவரோரம் தன் பெட்டியைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள்.

புயல் தொடங்கியது. அலை கப்பலின் வயிற்றில் மோதியபோது அந்த அடி தரை வழியாக வந்து பாதத்தில் ஏறி, நெஞ்சில் ஒரு முறை தட்டிவிட்டு, சுத்தமாக நின்றது. இழுவை இல்லை, இரைச்சல் இல்லை. மாமியார் அனிச்சையாகச் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யப்பா!" என்றார் மாமனார். "என்ன மாப்பிள்ளை பண்ணீங்க? இந்த வீட்டுலயா இந்தச் சத்தம்?"

"சேராத பெட்டியையும் சேத்துட்டாருப்பா," என்றாள் அக்கா பெருமையாக. "அவர் கை வெச்சா ஓடாததும் ஓடும்."

"அதான பாத்தேன். நம்ம சின்ன மாப்பிள்ளை பெட்டியக்கூட வேலை வாங்கிட்டாரே!" மாமனார் இளைய மருமகனின் தோளைத் தட்டினார், அன்பாகத்தான். "பாத்தீங்களா, உங்க பெட்டிக்கும் ஒரு வழி பண்ணிட்டாரு."

சின்ன மாப்பிள்ளை தலையை ஆட்டினார். சத்தம் சொன்னது தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். திரையில் ஓர் அலை பாதியில் நின்றது.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றார். தெரிந்த இடத்திலிருந்துதான் அவரால் தொடங்க முடிந்தது. "சத்தம்ங்கறது காத்தோட அழுத்தம். கூம்பு முன்னால வந்தா அழுத்தம் கூடும், பின்னால போனா குறையும். இப்ப ரெண்டு கூம்பு இருக்குன்னு வெச்சுக்கங்க..."

"மாப்பிள்ளை, அங்க கப்பல் முழுகப் போகுது. இப்பப் போய் பாடமா?"

"இல்ல மாமா, கேளுங்க. ஃபேஸ்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பெட்டியும் ஒரே ஃபேஸ்ல..."

"சூப்பரா பண்ணியிருக்கீங்க, ஒத்துக்கிட்டோம்," என்றாள் அக்கா. "படத்தப் போடுங்க."

அவர் இன்னும் ஒரு முறை முயன்றார். வயர், வெள்ளைக் கோடு, கதவைத் தள்ளும் இரண்டு பேர். மாமியார் பொறுமையாகத் தலையாட்டினார், மருமகன் ஏதோ சாதனையை விளக்குகிறார் என்று. மாமனார் கொட்டாவியைக் கையால் மறைத்தார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஒரு சொல்கூடப் பிசகில்லை. ஆனால் அத்தனையும் அவரைச் சுற்றி எழும்பி, அவரை மறைக்கும் சுவராக நின்றது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் அது என்ன பேச்சு என்று புரிந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "விடுங்கண்ணே, படத்தப் போடுங்க," என்றார் தாழ்ந்த குரலில். மறுபடியும் ஒரு போர்வை.

பெரிய மாப்பிள்ளை அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"தப்பு என் பெட்டில," என்றார். "தம்பி பெட்டில ஒரு தப்பும் இல்ல. நான்தான் என்னோடதுக்கு வயரத் திருப்பி மாட்டியிருந்தேன். அது தெரியாம அவரோடத எல்லார் முன்னாடியும் மட்டமா பேசினேன். அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல. அவர் பாத்துக்கிட்டிருக்கும்போதே தெரிஞ்சுது, அவர் முன்னாலயே மழுப்பினேன்."

மாமனார், "இதுக்கா மாப்பிள்ளை இவ்வளவு? ஒரு வயருதானே," என்று சிரிக்கப் பார்த்தார். அவருடைய சிரிப்பில் யாரும் சேரவில்லை.

மாமியார்தான் முதலில் எழுந்தார். சுவரோரம் போய்ப் பெட்டியின் வெளுத்த மேல்பக்கத்தைப் பார்த்தார். "நான் தெனமும் இதுமேல ஈரத்துணிய வெச்சேனே," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "நல்லா இருக்கற பொருள்மேல."

தங்கை நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"நீங்க பெட்டியத்தான் சொன்னீங்க அத்தான். எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் இவரச் சொன்னதாத்தான் எடுத்துக்கிட்டாங்க." கொஞ்சம் பொறுத்து, "நானும் கூடத்தான் சிரிச்சேன்," என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாள் ராத்திரி இவர்கிட்டயே கேட்டேன், உங்களால எதாவது ஒண்ணாவது உருப்படியா முடியுமான்னு."

சின்ன மாப்பிள்ளை மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கைமேல் தன் கையை வைத்தார்.

"தம்பி, நீங்க போக வேண்டாம்," என்றார் பெரிய மாப்பிள்ளை. "இங்கயே இருங்க."

"அட்வான்ஸ் குடுத்தாச்சுண்ணே." குரலில் கோபம் இல்லை. "போறது போறதுதான். இவளுக்கும் அங்கேருந்து கடை பக்கம்."

"அப்ப நான் வந்து அங்க பெட்டிய செட் பண்ணித் தர்றேன்."

"வேணாம். நான் பாத்துக்கறேன்." அந்தச் சொல் எவ்வளவு நேராக விழுந்தது என்று உணர்ந்தவரைப்போல, "சின்ன ரூம்தானே," என்று சேர்த்தார்.

பெரிய மாப்பிள்ளை தலையசைத்தார். மன்னிப்பை எதிர்பார்த்துத்தான் பேசினோமா என்று அவருக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. எதிர்பார்த்திருந்தார். அதையும் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றியது. ரிமோட் உள்ளங்கையில் வழுக்கியது. அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டால் போதும் என்றிருந்தது.

"போடுங்கண்ணே," என்றார் சின்ன மாப்பிள்ளை, திரையைப் பார்த்தபடி. "இந்தப் பெட்டிய இப்பிடி நானே கேட்டதில்ல. முழுசாக் கேக்கணும்."

போட்டார். நின்ற அலை கப்பலின்மேல் விழுந்தது. தரை அதிர்ந்தது. சின்ன மாப்பிள்ளை முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்து கேட்டார். கதையைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் திரையை வெறித்தார்கள். ஒவ்வொரு அடியும் வந்து பெரிய மாப்பிள்ளையின் நெஞ்சில் தட்டி, இந்த ஹாலில் இத்தனை நாளும் இப்படிக் கேட்டிருக்கலாமே என்று சொல்லிவிட்டுச் சுத்தமாக நின்றது. சத்தத்தைக் குறைக்க அவருக்கு உரிமை இல்லை. கப்பலில் இன்னும் தண்ணீர்கூட ஏறத் தொடங்கவில்லை. படம் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது.